தராசை உடைத்தது யார்?



தோட்டத்தில் ஒரு சாமான் பழுதானால் அதற்கு ஒரு தொழிலாளியின் பெயரைத் தேடிப் பிடிப்பது காரியாலயத்துக்கு மிகச் சுலபமான வேலையாகிவிட்டது. விசாரணை கிடையாது. சாட்சி கிடையாது. தட்டச்சு செய்த ஒரு தாள் வரும். அடியில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அடுத்த மாதச் சம்பளச் சிட்டையில் பிடித்தம் வந்திருக்கும். ஏன் என்று கேட்டால், "நீதானே ஒப்புக்கொண்டாய்" என்பார்கள்.

இந்த இதழில் நான் எழுதுவது அப்படியொரு தாளைப் பற்றி. எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசை உடைத்ததாக, 22 வருடமாகக் கொழுந்தெடுக்கும் ஒரு அக்காவின் மேல் நிர்வாகம் குற்றம் சுமத்தியிருக்கிறது. 27,000 ரூபா நட்டம் கட்டச் சொல்கிறது. அவர் அந்தத் தராசை உடைக்கவில்லை. நிர்வாகமே எழுதிக் கொடுத்த சிட்டைகளை வைத்து அதை நிரூபிக்க முடியும். விசாரணை முடியும்வரை அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பத்திரிகையில் போடுவதில்லை என்று தோட்டக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. ஆகவே இங்கே பெயர்கள் இல்லை. தோட்டத்து ஆட்களுக்கு யாரென்று தெரியும். துரைமாருக்கும் தெரியும்.

நடந்தது என்ன?

முதலில் தராசின் கதையைச் சொல்ல வேண்டும். கொழுந்து மடுவத்தில் தொங்கிய அந்தத் தராசைப் பற்றி நாங்கள் முறையிட்டது இன்று நேற்றல்ல. சம்பவத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே தோட்டக் கமிட்டி பெரிய துரைக்குக் கடிதம் கொடுத்தது. இலக்கம் காட்டும் கண்ணாடி வெடித்து டேப் ஒட்டியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தோம். ஒரே சாக்கை இரண்டு தரம் மாட்டினால் இரண்டு நிறை காட்டுகிறது என்று எழுதியிருந்தோம். அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை எதையும் தராசில் காணவில்லை என்றும் எழுதியிருந்தோம். கடிதம் கிடைத்ததற்குக் காரியாலயம் முத்திரை குத்திக் கொடுத்த பிரதி கமிட்டித் தலைவரிடம் பத்திரமாக இருக்கிறது. பதில் இன்றுவரை வரவில்லை.

பிறகு வந்தது அந்தப் புதன்கிழமை. அன்று மடுவத்தில் நின்ற ஏழு பேர் எழுதிக் கொடுத்திருப்பதை அப்படியே சொல்கிறேன். அந்தி நிறுவையில் அக்காவின் சாக்கு 14 கிலோ காட்டியது. கையில் தூக்கிப் பழகியவருக்கு அது குறைவு என்று தெரியாதா? "கழட்டி இன்னொரு தரம் மாட்டுங்க" என்று கேட்டார். மாட்டினார்கள். 16 காட்டியது. கணக்கப்பிள்ளை 14ஐயே எடுத்துக்கொண்டு, அதிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழித்து 12 எழுதினார். அக்கா விடவில்லை. "16 காட்டுனதுக்கு 12 எழுதுனா, மிச்சம் நாலு கிலோ யாரு வூட்டுக்குப் போகுது?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். பின்னால் நின்ற இரண்டு பேரும் தங்கள் சாக்கையும் இரண்டு தரம் நிறுக்கச் சொன்னார்கள். அன்று நடந்தது இவ்வளவுதான். சாக்கை யாரும் எறியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மடுவத்துக்குப் புதுத் தராசு வந்தது. அதற்கும் ஒரு கிழமை கழித்து, அந்தப் புதனிலிருந்து 12ஆம் நாள், அக்காவின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். ஆங்கிலக் கடிதம், நான்கே வரி. அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். அவள்தான் அதைப் புத்தகப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்து, "டீச்சர், அம்மா இத வாசிச்சு சொல்லச் சொன்னாங்க" என்று நீட்டினாள்.

வாசித்தேன். புதன்கிழமை மாலை நீர் சாக்கைத் தராசின் மேல் எறிந்து கண்ணாடியையும் கொக்கியையும் உடைத்தீர் என்று தொடங்குகிறது. தோட்டத்துக்கு 27,000 ரூபா நட்டம் என்கிறது. அந்தத் தொகையை மாதம் 3,000 ரூபாவாக ஒன்பது மாதத்துக்கு என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள நான் மனமுவந்து சம்மதிக்கிறேன் என்று முடிகிறது. முதல் வரியில் "நீர்" என்று குற்றம் சாட்டுகிற தாள், கடைசி வரியில் "நான்" என்று அவர் வாயால் பேசுகிறது! வழக்காளியும் அவர்களே, ஒப்புக்கொள்கிறவரும் அவர்களே. அக்கா போட வேண்டியது கையெழுத்து மாத்திரம்.

27,000 ரூபா என்றால் என்ன? 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் வகுத்துப் பாருங்கள். சரியாக 20 நாள். இருபது நாள் மலையில் ஏறி, அட்டைக்கடி பட்டு, மழையில் நனைந்து எடுத்த கொழுந்தின் முழுக் கூலி.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. "நான் ஒடைக்கல டீச்சர். ஒடைக்காததுக்கு எதுக்கு நான் ஒப்பம் வைக்கணும்?" என்றார். மறுநாள் பிரட்டில், கடிதத்தைக் கொண்டு வந்தால்தான் பேர் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று நாள் அப்படியே போனது. நாலாம் நாள் கமிட்டித் தலைவரும் மாதர் தலைவியும் காரியாலய வாசலில் போய் நின்ற பிறகே வேலை கொடுத்தார்கள். ஆனால் மாத முடிவில் சிட்டையைப் பார்த்தால், "ஏனைய பிடித்தம்" என்ற தலைப்பின் கீழ் 3,000 ரூபா போயிருந்தது. கையெழுத்து இல்லாமலே பிடித்துவிட்டார்கள்.

சிட்டை சொல்லும் சாட்சி

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொல்வது ஒன்று: கணக்கில் விடையை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது, செய்வழி காட்ட வேண்டும். நிர்வாகம் எழுதியிருப்பது செய்வழி இல்லாத விடை. ஆகவே நாங்கள் வழியைப் போட்டுப் பார்த்தோம்.

கொழுந்துப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டோம். காட்டவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்த சிட்டைகள் பெண்களின் கையில் இருக்கின்றன. வீடு வீடாகப் போய்ச் சேர்த்தோம். அந்தப் புதன்கிழமை அந்தியில் அக்காவுக்குப் பிறகு 19 பேர் அதே தராசில் நிறுத்திருக்கிறார்கள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அதே தராசில் நிறுத்த கிலோ எல்லாருடைய சிட்டையிலும் ஏறியிருக்கிறது. கொக்கி உடைந்த தராசில் சாக்கை எங்கே மாட்டினார்கள்? கண்ணாடி உடைந்த தராசில் இலக்கத்தை எப்படி வாசித்தார்கள்? புதன்கிழமை தராசு உடைந்தது உண்மையானால், அதற்குப் பிறகு எழுதிய கிலோ அத்தனையும் பொய். அந்தக் கிலோ உண்மையானால், குற்றச்சாட்டு பொய். இரண்டில் எது என்று நிர்வாகமே தெரிந்தெடுக்கட்டும்.

சாக்கைக் கொக்கியில் மாட்டுவது கொழுந்தெடுக்கும் பெண்ணின் வேலையுமல்ல. லொறிக்குச் சாக்கு ஏற்றும் ஆண் தொழிலாளிதான் மாட்டிக் கழற்றுகிறார். அன்றைக்கு மாட்டியவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரிடம் நிர்வாகம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்ணாடி இரண்டு மாதத்துக்கு முன்பே வெடித்திருந்ததற்கு நிர்வாகத்தின் முத்திரையே சாட்சி. பழுதான தராசை மாற்றச் சொல்லிக் கேட்டது தொழிலாளர்கள். மாற்றாமல் இரண்டு மாதம் தொங்கவிட்டது நிர்வாகம். கடைசியில் அது செத்துப் போனபோது, அதைப் பற்றி உரக்கப் பேசிய பெண்ணின் தலையில் கட்டுகிறார்கள்.

"அப்படியானால் உடைந்த தராசைக் கொண்டுவந்து வையுங்கள், எல்லாரும் பார்ப்போம்" என்றோம். பழைய சாமான்களோடு கழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. ஒரு ஆளின் 20 நாள் கூலியைப் பறிக்கிற குற்றத்துக்கு இருந்த ஒரே தடயத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, அவரை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்கள். 27,000 ரூபா என்பது புதுத் தராசின் விலையாம். பில் கேட்டோம், இல்லை. வருடக்கணக்காக மழையிலும் மண்ணிலும் கிடந்து டேப் ஒட்டிய பழசுக்கு, புதுசின் விலையை யாராவது வாங்குவார்களா? கடையில் ஒரு பழைய ரேடியோவை உடைத்தால்கூட இந்தக் கணக்கு செல்லாது.

சம்மதம் ஏன் தேவைப்படுகிறது?

தோழர்களே, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நிர்வாகத்துக்கு உண்மையில் அதிகாரம் இருக்குமானால், அக்காவின் கையெழுத்து எதற்கு? பேசாமல் பிடித்துவிட்டுப் போகலாமே! கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நமக்கும் பொருந்தும். நமது நாட்சம்பளத்தைத் தீர்மானித்து வர்த்தமானிக்கு அனுப்பும் சம்பளச் சபை அந்தச் சட்டத்தின் கீழ் இயங்குவதுதான். சட்டம் அனுமதிக்கிற பிடித்தங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் கழிக்கக் கூடாது, அனுமதித்த பிடித்தத்துக்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது. நமது சங்கத்துக்கு நீங்கள் கொடுக்கும் சந்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அது சம்பளத்தில் கழிகிறது. உங்கள் சங்கத்துக்கே இந்த விதி என்றால், உடைக்காத தராசுக்கு நட்டம் பிடிக்க யாருக்கு உரிமை? இது காரியாலயத்துக்கு நன்றாகத் தெரியும். ஆகவேதான் "மனமுவந்து" என்று எழுதுகிறார்கள். ஆகவேதான் கையெழுத்துப் போடும்வரை பேர் இல்லை என்கிறார்கள். பிரட்டில் மூன்று நாள் திருப்பி அனுப்பி வாங்குகிற சம்மதம் எந்த ஊரில் மனமுவந்த சம்மதம்?

"கையெழுத்துப் போடாவிட்டால் பொலிஸுக்குப் போவோம்" என்றும் பயமுறுத்தினார்கள். போகட்டும்! தண்டனைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவு, நட்டம் விளைவிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, அல்லது நட்டம் வரும் என்று அறிந்துகொண்டு சொத்துக்குச் சேதம் செய்வதையே குற்றம் என்கிறது. பாவனையில் தேய்ந்து பழுதானது குற்றமாகாது. குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுற்றவாளி என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. இப்படியான சிறு சேத முறைப்பாடுகள் மத்தியஸ்த சபைக்குப் போகும். மத்தியஸ்த சபை தண்டனை விதிக்கும் இடமல்ல. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே இணக்கம். அங்கேயும் அக்கா "இல்லை" என்று சொல்லலாம். கடைசிவரை பாருங்கள், அக்காவின் சம்மதம் இல்லாமல் இவர்களால் எந்த வாசலையும் சுலபமாகத் தாண்ட முடியாது.

துண்டு ஒழிந்ததா?

இந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு நம் தாத்தா பாட்டிமார் காலத்துத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. இளம் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. துண்டு என்பது ஒரு தொழிலாளியின் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய சீட்டு. கரைக்கு வந்த நாளிலிருந்து வழிச்செலவு, அரிசி, கம்பளி, முற்பணம் என்று ஏறிக்கொண்டே போகும் அந்தக் கணக்கை எழுதியவர்கள் வேறு ஆட்கள். கடனைச் சுமந்தவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அதே காலத்தில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வேலையை விட்டுப் போனதற்கும் சொல் கேளாததற்கும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியது. முதலாளியோடு ஏற்பட்ட பிணக்கு, தொழிலாளிக்கு மட்டும் குற்றமாகியது.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் வாசிக்க முடியாத மொழியில் ஒரு தாள், அதில் நாம் வாங்காத கடன், அதைத் தீர்க்கும்வரை பிரட்டில் பேர் இல்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது? ஆங்கிலத்தில் டைப் அடித்திருப்பதால் நாகரிகமாகிவிடுமா?

"சின்ன விசயத்துக்குச் சண்டையா?"

இப்படிக் கேட்பவர்கள் நிர்வாகத்தில் மட்டுமல்ல, நம் லயத்திலும் இருக்கிறார்கள். மாதம் 3,000 தானே, கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பிரட்டில் பேர் போய்விடுமோ என்று பயந்து சொல்கிறார்கள். அவர்களுக்கு நமது பக்கத்து டிவிசனில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே மருந்தடிக்கும் ஒரு தம்பியிடம் போன வருடம் இதே மாதிரி ஒரு தாளை நீட்டினார்கள். மருந்து டாங்கியின் குழாய் வெடித்ததற்கு 4,500 ரூபா. குழாய் பழசு என்று அவருக்குத் தெரியும். சின்னத் தொகைதானே என்று போட்டுவிட்டார். ஏழு மாதம் கழித்து ஒரு நாள் பிந்தி வந்ததற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தின் இரண்டாம் வரி என்ன தெரியுமா? "ஏற்கெனவே தோட்டச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததை எழுத்தில் ஒப்புக்கொண்ட நீர்..." காசு நாலு மாதத்தில் தீர்ந்தது. ஒப்புதல் அவருடைய பைலில் ஓய்வு பெறும்வரை இருக்கும். நாளைக்கு வேலையை நிறுத்த நினைத்தால் முதல் சாட்சியாக அதைத்தான் எடுப்பார்கள். நான் 4,500 ரூபாவுக்கும் 27,000 ரூபாவுக்கும் மட்டும் பயப்படவில்லை. அந்த வரிக்குப் பயப்படுகிறேன்.

"தோட்டச் சொத்தைப் பாதுகாக்க வேண்டாமா?" என்று சின்ன துரை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாதுகாக்கத்தான் வேண்டும். நாங்கள் கடிதம் எழுதியதே தராசைப் பாதுகாக்கத்தானே! வேண்டுமென்று ஒருவர் தராசை உடைத்து, அது விசாரணையில் நிரூபணமானால், அவருக்காகச் சங்கம் வாதாடாது. ஆனால் விசாரணை வேண்டும். குற்றத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். சாட்சியைக் கேட்க வேண்டும். சங்கப் பிரதிநிதியைப் பக்கத்தில் இருக்க விட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தால், "யார் பார்த்தது?" என்று கேட்காமல் ஒரு பிள்ளையைக்கூட நாங்கள் தண்டிப்பதில்லை. 22 வருடம் உழைத்த ஒரு தாய்க்கு அந்த மரியாதை கிடையாதா?

இன்னொன்றும் கேட்கிறேன். சொத்துச் சேதம் என்று பேசுகிறார்களே, இந்தத் தோட்டத்தில் யாருடைய சொத்து சேதமாகிறது? வெள்ளைக்காரன் கட்டிய லயத்தில் தகரம் ஓட்டையாகி, மழைத் தண்ணீர் இறங்கி, பிள்ளைகளின் பாடப் புத்தகம் நனைந்து என் வகுப்புக்கு வருகின்றன. மெத்தை நனைகிறது, அரிசி நனைகிறது. அதற்கு எந்தக் காரியாலயம் 27,000 ரூபா எழுதியது? நம் ஆட்கள் சொந்தக் காசில் ஒரு தகரம் மாற்றினால், அனுமதி இல்லாமல் கட்டினாய் என்று அதற்கும் ஒரு கடிதம் வருகிறது. தராசும் அப்படித்தான். ஒரு நிறுவைக்கு 2 கிலோ என்று காலை, மத்தியானம், அந்தி மூன்று தரம் கழித்தால் நாளுக்கு 6 கிலோ. 20 நாளைக்கு 120 கிலோ. ஒரு பெண்ணுக்கு மட்டும் இந்தக் கணக்கு. முழு மலைக்கும் பெருக்கிப் பாருங்கள். பழுதான தராசால் நட்டப்பட்டவர்கள் யார் என்று அப்போது விளங்கும்.

"டீச்சருக்கு இதில் என்ன வேலை?" என்றும் சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுடைய தாய்மாரிடம் வாசிக்காமல் கையெழுத்துக் கேட்கிறார்கள். அந்த எழுத்தை வாசித்துச் சொல்வது என் வேலைதான். நானும் இதே லயத்தில் பிறந்து, கொழுந்துக் காசில் படித்தவள்.

ஒரு தாள் உங்களிடம் வந்தால்

வாசிக்காத எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். "வாசித்துப் பார்த்துவிட்டுப் பதில் தருகிறேன்" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் கேட்டால், "கடிதத்தைப் பெற்றேன், குற்றத்தை ஏற்கவில்லை" என்று உங்கள் கையால் தமிழில் எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள், தலைவரைக் கூப்பிடுங்கள்.

அன்றைக்கே, நினைவு மங்குவதற்கு முன், யார் யார் நின்றார்கள் என்று எழுதி வையுங்கள். உடைந்ததாகச் சொல்லும் சாமானை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டைகளை எறியாதீர்கள். அக்காவை இன்று காப்பாற்றுவது 19 பேர் அடுப்படியில் சொருகி வைத்திருந்த சிட்டைகள். பழுதான எந்தக் கருவியையும் பற்றி வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். கமிட்டி மூலம் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

சம்மதமில்லாமல் சம்பளத்தில் பிடித்தால், சிட்டையோடு தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பொலிஸில் கூப்பிட்டால் தனியே போகாதீர்கள். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, சொன்னது எழுதியிருந்தால் மட்டும் ஒப்பமிடுங்கள். அரச அலுவலகம் எதுவானாலும் தமிழில் பேசவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. வேலையையே நிறுத்திவிட்டால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். உங்களுக்காகச் சங்கமே மனுப் போடலாம். அந்த ஆறு மாதத்தைத் தவற விடாதீர்கள்.

நாங்கள் கேட்பது

அக்காவின் விடயத்தில் தோட்டக் கமிட்டி நிர்வாகத்துக்கு நான்கு கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்திருக்கிறது. பிடித்த 3,000 ரூபாவை அடுத்த சம்பளத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரட்டில் திருப்பி அனுப்பிய மூன்று நாளுக்கும் பேர் போட வேண்டும். குற்றச்சாட்டுக் கடிதத்தை எழுத்து மூலம் வாபஸ் வாங்கி, அந்த வாபஸ் கடிதத்தை அவருடைய பைலில் சேர்க்க வேண்டும். புதுத் தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று தொழிலாளர்களுக்குக் காட்டி, கிலோவைச் சத்தமாக வாசித்து எழுத வேண்டும்.

குற்றத்தை வாபஸ் வாங்க மாட்டோம் என்று நிர்வாகம் சொன்னால், விசாரணை வைக்கட்டும். நாங்கள் வருகிறோம். ஏழு பேரின் வாக்குமூலத்தோடும், சாக்கு மாட்டியவரின் சாட்சியோடும், 19 சிட்டைகளோடும், முத்திரை குத்திய அந்தப் பழைய கடிதத்தோடும் வருகிறோம். அவர்கள் கொழுந்துப் புத்தகத்தைக் கொண்டு வரட்டும். தொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய முறைப்பாடும் தமிழில் எழுதி ஆயத்தமாக இருக்கிறது. அடுத்த சம்பள நாளில் இன்னொரு 3,000 ரூபா குறைந்தால் மறுநாளே அது போகும்.

மற்றத் தோட்டங்களின் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் டிவிசன்களில் இப்படிக் கையெழுத்து வாங்கிய கடிதங்கள் எத்தனை என்று கேட்டறிந்து, பிரதிகளை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். ஒரு தோட்டத்தில் ஒரு தாள் என்றால் தவறு என்று சொல்வார்கள். பத்துத் தோட்டத்தில் ஒரே மாதிரித் தாள் என்றால் தொழில் ஆணையாளரின் மேசையில் வைத்துப் பேசலாம். இந்த மாதப் பத்தாம் திகதிக்கு முன் அனுப்பி வையுங்கள். போட்டுவிட்ட கையெழுத்துக்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். அதையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.